ஜெயராமன் சாரின் தெர்மாமீட்டர்

பேய், பிசாசு, சாமியாட்டம் எதையும் நான் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் "சிஸ்டருக்கு வயசாயிடுச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள், எத்தனையோ பேர் சிரித்துவிட்டார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அமாவாசைக்கு அமாவாசை முதலுதவிக் கொட்டகையில் டியூட்டி பார்த்தவள் நான். ஆடி ஆடி மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஆத்தா வந்துட்டா என்பார்கள், நான் "காலையில இன்னாம்மா சாப்பிட்ட?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுவார்கள். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

பன்றிக்காய்ச்சல் என்று பேப்பரிலும் டிவியிலும் பயமுறுத்திக்கொண்டிருந்த வருஷம், மே மாதம். அப்போது நான் விழுப்புரம் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாடெல்லாம் சுற்றிக்காட்டி அழைத்து வரும் உல்லாசக் கப்பல் ஒன்றில் சிலருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது, மற்றவர்களை வீட்டுக்கு விடாமல் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. திண்டிவனத்துக்குப் பக்கத்தில், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு கல்லூரி ஹாஸ்டலைத் திறந்தார்கள். அவர்களை அழைத்து வரச் சென்னைத் துறைமுகத்துக்கு பஸ்கள் போயின, அதில் ஒன்றில் நானும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் முனுசாமியும் போனோம்.

கப்பல் பயணிகள் என்றால் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன். வந்து ஏறியவர்கள் நம்மைப் போலத்தான், முகமூடியும் மூட்டையுமாக, பாதிப் பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். முன் சீட்டில் ஒரு தம்பதி. ஜெயராமன் சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி பெயர் சரோஜா, வீடு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால். மகள் ஆசையாக டிக்கெட் எடுத்து அனுப்பி வைத்திருந்தாள். "வாழ்க்கை பூரா தண்டவாளத்துலயே போனேன் சிஸ்டர், ஒரே ஒரு வாட்டி தண்ணி மேல போனேன், புடிச்சி ஜெயில்ல போடுறாங்க" என்றார். ஹாஸ்டல் வாசலில் ஊர்க்காரர்கள் முள் வெட்டிப் போட்டு வழியை மறித்திருந்தார்கள். முனுசாமி மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்து ஆள், அவன் தொண்டைக்கு மைக் தேவையில்லை. "நானும் உள்ளதான் பூந்து படுத்துக்கப் போறேன். எனக்கு வந்துச்சின்னா அப்புறம் வந்து போடுங்கய்யா முள்ளு. இப்ப ஜல்தியா எடுங்க, வயசானவங்க வெயில்ல குந்திக்கினு கீறாங்க" என்று ஒரு சத்தம் போட்டான். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள்.

என் மாடியில் இருபத்திரண்டு பேர். தொற்றக் கூடாது என்று ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஒரு தெர்மாமீட்டர், அதன் தலையில் பிளாஸ்திரி ஒட்டி அறை எண் எழுதி அவரவர் மேசையில் வைத்தோம். முதல் நாள் மதியம் மூன்று மணிக்குப் பார்க்கிறேன், எல்லோருக்கும் நூற்று நாலு. இருபத்திரண்டு பேருக்கும்! முனுசாமி ஆம்புலன்சுக்கு மேல் ஆம்புலன்சாக போன் போடுகிறான். அப்போது ஒன்பதாம் அறையிலிருந்து ஜெயராமன் சார் தலையை நீட்டினார். "சிஸ்டர், என் ரூம் டேபிளுக்கும் நூத்தி நாலு காட்டுது. அதையும் ஆம்புலன்ஸ்ல ஏத்திடுங்க" என்றார். அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. அந்த மாடி கொதிக்கிற கொதிப்பில் பாதரசம் வாய்க்குப் போகும் முன்பே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷ சர்வீசில் இப்படி மானம் போனதில்லை. வராந்தாவே சிரித்தது, அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் "டேபிள் எப்படி இருக்கு சிஸ்டர்?" என்பதுதான் வணக்கம். பிறகு ஒரு பெரிய மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மருந்துத் தண்ணீர் டம்ளரில் தெர்மாமீட்டர்களைப் போட்டு அந்தப் பானைக்குள் இறக்கி என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

இப்போது நினைத்தால் அந்த முதல் மூன்று நாட்கள் போல் நாட்கள் என் வேலையில் வரவே இல்லை. முனுசாமி வேக வைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பொட்டலம் பொட்டலமாக அறை வாசலில் வைத்துவிட்டு ஓடுவான். ஒவ்வொருவரும் தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூரத்திலிருந்தே கதை பேசுவார்கள். ரயில் சத்தம் கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள், ஜெயராமன் சார் காதைத் தீட்டி, இது இன்ன வண்டி, இத்தனை நிமிஷம் லேட் என்று தீர்ப்பு சொல்வார். சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும், ஆனாலும் கை தட்டுவோம்.

நாலாம் நாள் காலை அவருக்கு நூற்றொன்று. இந்த முறை டேபிள் ஜோக் இல்லை. மூச்சும் கொஞ்சம் வாங்கியது. சென்னையில் தனி வார்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். கூட யாரும் போகக் கூடாது, சரோஜா அம்மா அறை வாசல் தாண்டக் கூடாது. அவர் ஆம்புலன்சில் ஏறும்போது மாடியைப் பார்த்து, பழைய வழக்கத்தில் பச்சைக் கொடி காட்டுவது போலத் துண்டை ஆட்டினார். நான் கீழே இறங்கி ஓடின அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன். நியாயமாக அவருடைய தெர்மாமீட்டரை அப்போதே தனியாக எடுத்து அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். வழக்கம் போல் உதறி, துடைத்து, பானைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அன்று மூன்று மணிக்கு சரோஜா அம்மா கேட்டார். "முப்பது வருஷம் அவரு ராத்திரி டியூட்டி சிஸ்டர். டைம் டேபிளைப் பார்த்தா இப்ப எந்த ஸ்டேஷன்ல இருப்பாருன்னு தெரியும், தெரிஞ்சா தூங்கிடுவேன். இப்ப தெரியலையே. ஒண்ணும் வேணாம், அவருக்கு எவ்வளோ காய்ச்சல்னு ஒரே ஒரு நம்பர் கேட்டுச் சொல்லுங்க." நான் போன் போட்டேன். முதலில் எடுக்கவே இல்லை, பிறகு எடுத்தவர் போனில் சொல்லக் கூடாது என்று வைத்துவிட்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன், "நூறுதாம்மா." பொய்.

மறுநாள் காலை டம்ளருக்குள் கை விட்டால் ஒன்பதாம் எண் தெர்மாமீட்டரில் 102.4. உதற மறந்துவிட்டேன் போல என்று உதறிவிட்டேன். மூன்று மணிக்கு 101.8. பானைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது, கூடவே அதே டம்ளரில் கிடந்த மற்ற எல்லாவற்றிலும் பாதரசம் அடியில் கிடக்கிறது. இது முனுசாமியின் விளையாட்டு என்று அவனைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். "பேஜாரு பண்ணாதீங்க சிஸ்டர், கடல் மேல சத்தியமா நான் அந்தப் பானைகிட்டயே போவல" என்று கண் கலங்கிவிட்டான். அன்றிலிருந்து அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போதும் வேளைக்கு ஒரு எண் ஏறி இருக்கும், நோட்டில் குறித்துக்கொள்வேன். சரோஜா அம்மா கேட்பார், புதிதாகப் பொய் சொல்ல எண் தேடுவதை விட்டுவிட்டு அதையே சொல்லத் தொடங்கினேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆனால் அந்த எண்ணைக் கேட்டதும் அந்த அம்மா போய்ப் படுத்துத் தூங்கினார், அது போதும் என்று இருந்தது.

ஏழாம் நாள் மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தால் 104.6. உதறினேன், தண்ணீருக்குள் விட்டேன், ஒரு நிமிஷம் கழித்து எடுத்தேன், அதே 104.6. வெளியே சரோஜா அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "எவ்வளோ சிஸ்டர்?" என்னால் சொல்ல முடியவில்லை. "தொண்ணூத்தொன்பதும்மா, இறங்கிடுச்சு" என்றேன். அப்பாடா என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்ததைச் சொன்னால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நோயாளிக்கு ஈரத்துணி போடுவோமே, அது போல அந்தக் கண்ணாடிக் குச்சிக்குப் போட்டேன். துணியை நனைத்துப் பிழிந்து அதைச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, மறுபடி நனைத்து, மாற்றி மாற்றி. ஆத்தா வந்துவிட்டாள் என்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே ஆள்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உதறிவிட்டுப் பார்த்தேன், 101. என் முந்தானை முழுக்க ஈரம், கண்ணிலும் தண்ணீர். அடுத்த நாள் 99.6. அதற்கடுத்த நாள் 98.4, பிறகு அங்கேயே நின்றது.

அவருக்குக் காய்ச்சல் கண்டதால் எங்களை இன்னும் சில நாள் கூட்டி வைத்திருந்தார்கள். எல்லோரையும் விடுவித்த அன்றே அவரும் ஒரு ஆம்புலன்சில் வந்து இறங்கினார், சட்டை இரண்டு அளவு பெரிதாகிப் போயிருந்தது. கையில் டிஸ்சார்ஜ் தாள், பின்னால் காய்ச்சல் குறித்த சார்ட். நான் என் நோட்டில் கிறுக்கி வைத்திருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை, மதியம், காலை, மதியம், ஒரு புள்ளி மாறவில்லை. சரோஜா அம்மாவும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "முதல் நாளு நூறுன்னீங்க, நூத்தி ரெண்டு போட்டிருக்கு. அப்புறம் ஏழாம் நாளு மதியம் தொண்ணூத்தொன்பதுன்னீங்க, நூத்தி நாலு பாயிண்ட் ஆறு போட்டிருக்கே சிஸ்டர்?" என்றார். நான் பொய் சொன்ன இரண்டு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். என் கையைப் பிடித்து அழுத்தி, "நல்லவேளை சொல்லல" என்று மட்டும் சொன்னார். ஜெயராமன் சார் பஸ்சில் ஏறுகிற நேரத்தில் திரும்பி, "அந்த நூத்தி நாலு வந்த அன்னைக்கு மதியம் ரொம்ப முடியல சிஸ்டர். யாரோ ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டாங்க, அதுலதான் பொழைச்சேன். யாருன்னு வார்டுல கேட்டா, நாங்க போடலையேன்றாங்க" என்றார்.

அந்தத் தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தேன். 98.4. உதறக் கை வரவில்லை. வருஷா வருஷம் மே மாதம் அவர் போன் செய்வார், "டேபிளுக்கு உடம்பு எப்படி இருக்கு சிஸ்டர்?" என்பார், நான் சிரிப்பேன், வைத்துவிட்டுப் போய் எடுத்துப் பார்ப்பேன், அதே 98.4. முனுசாமிகூட ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, தொடாமல் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஏழெட்டு மே மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் புடவை எடுக்க பீரோவைத் திறந்தவள் சும்மா பிரித்துப் பார்த்தேன். கோடே இல்லை. பாதரசம் அடியில் குண்டுக்குள் இறங்கிக் கிடந்தது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நர்ஸ் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், அது தானாக ஏறும், தானாக இறங்காது. உதறினால்தான் இறங்கும். பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது. போன் செய்யப் பயந்து அன்று முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். சாயங்காலம் சரோஜா அம்மாவே கூப்பிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார், விடியற்காலையில், காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லை என்றார். ஒரு துணி நனைத்துப் போடக்கூட எனக்கு வாய்க்கவில்லையே என்று அழுதேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதியம் மறுபடி போன். வீட்டில் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள், தனியாக உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பிறகு, "சிரிக்காதீங்க சிஸ்டர். பைத்தியம்னு நெனச்சிக்கினாலும் பரவாயில்ல. அவரு எங்க இருக்காருன்னு தெரியலன்னா எனக்குத் தூக்கம் வர்றதில்ல. அன்னைக்கு மாதிரி ஒரு நம்பர் சொல்லுங்களேன். அவருக்கு இன்னைக்கு எவ்வளோ?" என்றார்.

என்னிடம் இருந்தது பொய் மட்டும்தான். "தொண்ணூத்தெட்டு பாயிண்ட் நாலும்மா. நார்மலா இருக்காரு" என்றேன். "சரி சிஸ்டர், அப்ப நான் கொஞ்சம் படுக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

வைத்த கையோடு போய் பீரோவைத் திறந்தேன். மே மாத வெயில், என் வீட்டுத் தெர்மாமீட்டர் ஒன்றும் அதே தட்டில்தான் கிடந்தது, அது 104-க்கு மேல் ஏறியிருந்தது. பஞ்சைப் பிரித்தேன். கோடு ஏறி நின்றிருந்தது, சரியாக 98.4-இல்.

சரோஜா அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை மூன்று மணிக்கு போன் செய்து கேட்கிறார். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.