புல்லியில் இழுத்த நாமம்

ரப்பர் கருகும் வாசனை எங்கிருந்து வந்தாலும் எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர். தகரக் கொட்டகைக்குள் மத்தியான வெக்கை, அதற்குள் என் அக்கா வீட்டுக்காரரின் சிவப்புக் கார்.

இரண்டே பேர் உட்காரும் பழைய சீமை ரேஸ் கார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடம் அத்தான் வாங்கி வந்தது. தாழ்ந்து, பதுங்கி, பாயக் காத்திருப்பது போல நிற்கும். கொஞ்ச நாளாக அது பாயவில்லை, திணறியது. இன்ஜினுக்குள் டொக், டொக், டொக். ராஜபாளையத்தில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு, கிராங்க் போச்சு என்றார்கள். பிரித்தால் போடுவதற்குச் சாமான் கிடைக்காது.

"கிராங்க் போச்சுன்னா எடைக்குப் போட்டுட்டு, கொட்டகைய ஒழிச்சு விடு" என்று அத்தானின் அண்ணன் சொல்லிவிட்டார். கொட்டகை அவருடையது. பழைய இரும்பு வாங்கும் பாய் லாரியோடு வந்து, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா ஒருக்கா பெல்ட்ட மாத்திப் பாப்போம் மாப்ளே" என்றார் அத்தான். கொஞ்ச நாளாக மாட்டிய புதுப் பெல்ட்டுகளும் கருகிக்கொண்டே இருந்தன. இன்ஜினுக்கு முன்னால் தலையை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏலே, இங்க வா. நாமத்தப் பாரு."

ஆயுத பூசைக்கு எல்லோரும் சந்தனம் வைப்பார்கள். அத்தான் வெள்ளைப் பெயின்ட்டில் நாமம் இழுப்பார். சைக்கிள் பம்பில், கேஸ் சிலிண்டரில், கிராங்கோடு சுழன்று பெல்ட்டை ஓட்டும் புல்லியிலும். புல்லி ஒற்றை இரும்பல்ல. நடுவில் குடம், சுற்றி வளையம், இரண்டையும் பிடித்திருப்பது ரப்பர். இப்போது நாமத்தின் பாதம் குடத்தில் இருந்தது. கோடுகள் வளையத்தோடு கால்வட்டம் விலகிப் போயிருந்தன.

ரப்பர் விட்டுப்போய், வளையம் தன்பாட்டுக்கு நழுவிக்கொண்டிருந்தது. அதில் வெட்டியிருந்த குறியை நம்பித்தான் ஒர்க்‌ஷாப்பில் பிளக்கில் பொறி அடிக்கும் நேரத்தை, டைமிங்கை, வைத்திருந்தார்கள். இன்ஜின் திணறியதற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் அந்த டொக்?

வளையத்துக்குப் பின்னாலிருந்த தகர மூடியில் அத்தான் விரலை ஓட்டினார். புதிதாகத் தேய்ந்த பளபளப்பு.

"வளையம் பின்னால போயி இதுல இடிக்கி. கிராங்க் இல்லலே."

"ரெண்டுமே இருக்கலாம்லா அத்தான்" என்றேன். பயம் அப்படித்தான் பேசவைக்கும்.

"பெருமாளே வந்து சொன்னாத்தான் வண்டிய விடுவீகளோ?" என்றார் பாய். "செட்டியார்பட்டில எனக்கு இன்னொரு லோடு கெடக்கு."

"செத்த நேரம் பாய்."

அத்தான் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார். கம்பியைக் கொடுத்து நெம்பி வளையத்தை முன்னால் இழுத்தார். இனி அது எந்தப் பக்கமும் போகலாம், மேலேயும் பாயலாம். அவர் முகம் ஒரு சாண் தூரத்தில்.

"பறந்து வந்துச்சுன்னா?"

"உங்க அக்காகிட்ட நீயே சொல்லிரு. சாவியத் திருப்பு."

திருப்பினேன். இன்ஜின் உறுமியது. உறுமல் மட்டும். டொக் இல்லை. பாய் டம்ளரைக் கீழே வைத்தார். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது, சூடேறிக்கொண்டிருந்தது. என் கை சாவியிலேயே ஒட்டியிருந்தது. அத்தான் கண்ணிமைக்காமல் வளையத்தைப் பார்த்தார். அது மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகர்ந்தது. நகர்ந்தது. டொக்.

"வந்துட்டுலே! வந்துட்டு!" கத்தினார் அத்தான். எந்த மனிதனும் தன் வண்டி கெட்ட சத்தம் போட்டதற்கு அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

இன்ஜினை அணைத்த பிறகும் என் காது இரைந்தது. வளையம் மூடியில் இடித்தால் மட்டும்தான் டொக். கிராங்க் பிழைத்தது, அண்ணன் இனி எதுவும் சொல்ல முடியாது. ராஜபாளையத்தில் மில் உருளைகளுக்கு ரப்பர் ஒட்டுகிறவர் இந்த வளையத்தையும் ஒட்டித் தருவார் என்றார் பாய். போகிற வழியில் தானே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

புல்லியைக் கழற்றி லாரியில் ஏற்றினோம். பின்னால் மலைபோல உடைசல் இரும்பு. அத்தானுக்கு முகம் வெளுத்தது.

"பாய், இது எடைக்கு இல்ல. கலந்துராம பாத்துக்கிடுங்க."

"தெரியும்யா. மடியிலயே வச்சுக்கிட்டுப் போறேன்."