உலை வைக்கும் நேரம்

இன்று காலை தார் காய்ச்சும் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அந்த வாடை முதன்முதலில் வருவதற்கு முன்பு, தூத்துக்குடியில் எங்கள் தெரு நேராகக் கடலில் போய் முடிந்தது, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா கடலைப் பார்ப்பாள், அப்பாவின் வள்ளத்துப் பாயில் தன் பச்சைச் சேலையைக் கிழித்துப் போட்ட ஒட்டு கண்ணில் பட்ட பிறகுதான் உலை வைப்பாள், "ஏளா, ஒம் மாப்ள பாய் தெரியுது!" என்று எதிர்வீட்டு அத்தையும் கத்துவாள், சோறு வடிக்கவும் அப்பா ஈரக்காலோடு நுழையவும் சரியாக இருக்கும்.

துறைமுக லாரிகளுக்காக, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், தெருமுனையை அடைத்து வீட்டு உயரத்துக்கு மண்ணைக் கொட்டிச் சாலை போட்டார்கள். கடல் மறைந்தது. அம்மா குத்துமதிப்பாக உலை வைத்தாள். அப்பா கடலிலிருந்து திரும்பாமலே போன அன்றும் வைத்தாள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது அந்தச் சாலை பழசாகிவிட்டதாம்; லாரிகளுக்கு மாற்றுப் பாதை போடத்தான் இன்று தார் காய்ச்சுகிறார்கள். இடித்துத் தூண்மேல் கட்டி, ஊரை இணைக்கப் போகிறார்களாம். வாசலுக்கு வந்த பொறியாளர் வரைபடத்தை விரித்து, "ஒங்க தெருவையும் கடலையும் சேத்துருவோம்மா, இங்கன இருந்தே கடல் தெரியும்" என்றார்.

அம்மா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சு? நான் யாருக்குத் தம்பி உலை வைக்க?"