ஆறுமுகச்சாமி எதுவரைக்கும் போகலாம்

சங்கரன்கோவிலில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள் நான். பேர் ஜஸீமா. மனு டைப் அடிப்பேன், உத்தரவுகளை நெட்டில் இறக்கிக் கொடுப்பேன், இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு வாசித்து அர்த்தமும் சொல்வேன். பதினாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. நீதிபதிகளின் இங்கிலீஷ் எனக்குப் பழகிப்போன சங்கதி. ஆனால் ஆறுமுகச்சாமி அண்ணாச்சிக்கு வந்த உத்தரவுக்கு மட்டும் அர்த்தம் சொல்ல இன்றைக்குவரை எனக்கு வக்கில்லை.

அண்ணாச்சி கிடை போடுகிறவர். நூற்றுப் பத்துச் செம்மறி ஆடு வைத்திருந்தார். அறுப்பு முடிந்த நிலத்தில் ராத்திரி ஆட்டை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ஒரு நிலத்தில் பத்து ராத்திரி, அடுத்ததில் பதினைந்து ராத்திரி என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய தொழில். மாசி வரை திருவேங்கடம் பக்கத்துக் கரிசலில் கிடப்பார். பங்குனி பிறந்தால் அங்கே ஆட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மேற்கே ராயகிரிக்கு, நெல் அறுத்த வயலுக்குப் பத்திக்கொண்டு போய்விட வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் பக்கம் அவருக்கு ஒரு வீடு உண்டு. அது ரேஷன் கார்டு குடியிருக்கிற வீடு என்று அவரே சொல்வார். முப்பது வருஷத்தில் அங்கே அவர் படுத்த ராத்திரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லத் தெரியாத மனுஷன். கோபம் வந்தால் ஆட்டைத்தான் வைவார். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத ஒரு கிடாவுக்குத் தாசில்தார் என்று பேர் வைத்திருந்தார். அவர் செய்த அரசியல் அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் மேல் ஒரு கேஸ் வந்தது. மாசியில் ஒருநாள் குடிதண்ணீர் கேட்டு ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். அண்ணாச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆட்டைப் பத்திக்கொண்டு ரோட்டைக் கடந்தார், அவ்வளவே. யாரோ எறிந்த கல்லில் போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. எறிந்தவன் ஓடினான். மறித்தவர்கள் ஓடினார்கள். நூற்றுப் பத்து ஆட்டைப் போட்டுவிட்டு இவர் எங்கே ஓட? நின்றார். அதனால் அவர் பேர்தான் சுத்தமாகக் கிடைத்தது. ஆடுகளை ரோட்டில் விட்டுப் போக்குவரத்தை மறித்த ஆறாவது எதிரி என்று எழுதினார்கள். எழுதிய கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

பொதுச் சொத்தை உடைத்த வழக்கு என்பதால் முன்ஜாமீனுக்கு ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார் வக்கீல் காசிராஜன். மனுவை என் கடையில் உட்கார்ந்துதான் சொல்லச் சொல்ல அடித்தோம். எங்கே தங்கியிருக்கிறீர் என்று வக்கீல் கேட்டதற்கு, ஆடு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் என்றார் அண்ணாச்சி. வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையெல்லாம் கோர்ட்டுக்குச் சொல்ல முடியாது, பக்கத்தில் பெரிய ஊர் சங்கரன்கோவில்தானே, அதையே போடும்மா என்றார். நானும் போட்டேன். இந்தக் கதையில் எல்லாரையும் ஏசப் போகிறேன், ஆகையால் முதலில் என்னை ஏசிக்கொள்கிறேன். ஒரு ராத்திரிகூடப் படுத்திராத ஊரை அவருக்கு விலாசமாக அடித்துக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

ஹைகோர்ட் முன்ஜாமீன் கொடுத்தது. நல்ல மனசு, மறுக்கவில்லை. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. மனுதாரர் சங்கரன்கோவிலில் தங்கியிருக்க வேண்டும், மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை பத்தரை மணிக்கு விசாரணை அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. நான் வாசித்து முடித்ததும் அண்ணாச்சி தாளின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"தாயி, சங்கரன்கோவில்னு போட்டிருக்குல்லா, அது எங்கன வரைக்கும்?"

நான் மறுபடி வாசித்தேன். டவுனா, தாலுகாவா, ஸ்டேஷன் எல்லையா, ஒன்றும் இல்லை. யாருடைய அனுமதி என்றும் இல்லை. படித்துப் பட்டம் வாங்கி, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, ஒரு மனுஷன் எதுவரைக்கும் நடக்கலாம் என்று எழுதுகிறவர்களுக்கு அந்த எல்லையை எழுத மட்டும் மறந்துபோகும். மறந்தால் அவர்களுக்கென்ன, நடக்கப் போகிறவர்கள் அவர்களா?

தாலுகாதான், சந்தேகமே வேண்டாம் என்றார் காசிராஜன். அதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டதும் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது. தாலுகா என்று வைத்துக்கொண்டாலும் லேசில் தீரவில்லை. ஆடு கிடந்த நிலம் முன்னே சங்கரன்கோவில் தாலுகாவில்தான் இருந்தது. பிரித்த பிறகு திருவேங்கடம் தாலுகா. ராயகிரியோ சிவகிரி தாலுகா. கையெழுத்து வாங்குகிற இன்ஸ்பெக்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். சங்கரன்கோவில் என்றால் டவுன், முனிசிபாலிட்டி போர்டைத் தாண்டி உன்னைப் பார்த்தேன் என்றால் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி எழுதிவிடுவேன், அப்புறம் கம்பிதான் என்று சொல்லிவிட்டார். ஆட்டை ராயகிரியில் விட்டுவிட்டு வர மூன்று நாள் அனுமதி கேட்டதற்கு, அதைக் கோர்ட்டில் கேள் என்றார். இங்கே கோர்ட் ஆபீஸில் கேட்டால், ஹைகோர்ட் போட்ட நிபந்தனையை நாங்கள் தொட முடியாது, இன்ஸ்பெக்டரிடம் கேள் என்றார்கள். நாலு நாள் அண்ணாச்சி இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடந்தார். வெளியே போகாதே என்று உத்தரவு வாங்கியவரை அந்த நடை நடக்கவிட்டார்கள்.

அதனால் பகலில் என் கடை பெஞ்சிலும் ராத்திரி பஸ் ஸ்டாண்டிலும் அவர் கிடந்தார். அவர் சம்சாரம் சுந்தரம்மாள் மதினி ஒற்றை ஆளாக ஆட்டைப் பார்த்துக்கொண்டாள். ராயகிரிக்கு மூன்று நாள் நடை. லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி நூற்றுப் பத்து ஆட்டைக் கொண்டு போக முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆளாவது வேண்டும். கூட வரக்கூடிய கிடைக்காரர்கள் எல்லாம் பங்குனி முதல் வாரமே தங்கள் ஆட்டோடு மேற்கே போய்விட்டார்கள். மதினி தினமும் ஃபோனில் சொல்வாள். ஊருணி வற்றிவிட்டது என்றாள். பிறகு ஒரு தோட்டக்காரர் மோட்டார் போடும்போது மட்டும் தண்ணீர் என்றாள். பிறகு சினை ஆடு ஒன்று எழுந்திருக்கவில்லை என்றாள். அண்ணாச்சி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, வேப்பங்குழையை வெட்டிப் போடு, நிழலில் அடை என்று பெஞ்சில் இருந்தபடியே மேய்ப்பார்.

ஒருநாள் நான் பொறுக்க மாட்டாமல், பத்தரைக்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய் ஆட்டைப் பார்த்துவிட்டாவது வாருங்கள், எவன் பார்க்கப் போகிறான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் உள்ள போயிட்டா அவ என்னத்தத் தாயி செய்வா? ஆடும் போயி நானும் போயிருவேன்லா."

காசிராஜனைப் பிடித்து இழுத்து வந்து விளக்கம் கேட்டு ஒரு மனு போட வைத்தேன். அதையும் நான்தான் அடித்தேன். சங்கரன்கோவில் என்றால் எது, அனுமதி யாருடையது, ரெண்டே கேள்வி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கிற கேள்வி. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கோர்ட்டில் மனுவுக்கு நம்பர் போடவே மூன்று வாரம், விசாரணைக்கு வர நாலு வாரம். நடுவே வாய்தா வேறு. மே மாத லீவு பக்கத்தில் வருகிறது என்று வக்கீல் சந்தோஷமாகச் சொன்னார். இந்த ஏழு வாரத்தில் இருபத்தெட்டு ஆடு செத்தது. உத்தரவு போட்டவர்கள் ஏசி ரூமில் இருந்தார்கள், செத்தது கரிசலில்.

சித்திரைக் கடைசியில், லீவுக் காலக் கோர்ட்டில் இருந்து பதில் வந்தது. அண்ணாச்சி பெஞ்சில் இருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் திரையில் வாசித்தேன். முந்தைய உத்தரவு தெளிவாகவே இருக்கிறது, விளக்கம் எதுவும் தேவையில்லை, மனு தள்ளுபடி. மூன்று வரிதான். தெளிவாம். அந்தத் தெளிவில் கொஞ்சம் அள்ளி எங்கள் மூஞ்சியிலும் தெளித்திருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த தாளைக் கசக்கி எறிந்தேன். அது வேறு எவனோ ஒருவனுடைய பத்திரம், திரும்ப எடுத்து நீவி வைத்தேன்.

"தெளிவா இருக்குன்னா, என்னன்னு சொல்லியிருக்கா தாயி?"

"சொல்லல அண்ணாச்சி."

அவர் கடைக்கு வெளியே போய் நின்று மதினிக்கு ஃபோன் போட்டார். மிச்சம் இருப்பதை வியாபாரிக்குக் கொடுத்துவிடு, குட்டியையும் சேர்த்தே கொடுத்துவிடு என்று நிதானமாகத்தான் சொன்னார். மறுநாள் லாரி வந்து ஏற்றும்போது அவர் அங்கே இல்லை. எப்படி இருக்க முடியும்? அந்த நேரத்துக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். லாரியில் ஏறமாட்டேன் என்று நின்ற ஆடுகளை அவர் குரலை ஃபோனில் கேட்க வைத்து ஏற்றியதாக மதினி பிற்பாடு என்னிடம் சொல்லி அழுதாள்.

வைகாசியில் பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தங்கமான மனுஷர் என்று ஊரில் பேச்சு. கேஸ் நிலவரம் கேட்க நானும் அன்றைக்கு அண்ணாச்சியோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் உத்தரவை வாங்கி முழுசாக வாசித்தார், பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இதுல என்னவே இருக்கு? தாலுகா தாண்டப்பிடாதுன்னுகூட போடலியே. காலைல கையெழுத்தப் போட்டுட்டு நீரு ராயகிரிக்குப் போயிருக்கலாம், ராத்திரிக்கு ஊரு திரும்பினாப் போதும். மூணு நாள் நடைக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா நான் அனுமதி குடுத்துட்டுப் போறேன். உம்ம யாரு தடுத்தா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஐயா, நீங்க பங்குனியில வந்திருந்தா எனக்கு நூத்திப் பத்து ஆடு இருந்திருக்கும்."

இன்ஸ்பெக்டருக்கு அது உறைத்தது, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பிறகு குற்றப்பத்திரிகைகூடத் தாக்கல் செய்தாகிவிட்டது, இனிமேல் எதற்குத் தினமும் வந்து நிற்கிறீர் என்று அவராகவே கேட்டார். அப்படியானால் நாளையிலிருந்து வர வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். இன்ஸ்பெக்டர் உத்தரவை மறுபடி எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், ரைட்டரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். ரெண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள்.

"மறு உத்தரவு வரும்வரைன்னு போட்டிருக்கு, அத யாரு போடணும்னு இதுல சரியாத் தெரியல வே. எதுக்கும் ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போரும்."

அண்ணாச்சி பேனாவை வாங்கிப் போட்டார். இன்றைக்குக் காலையிலும் போய்ப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.