அம்மா வளர்த்த மறைவு

எங்கள் அம்மா துவக்குப் பிடித்தவர் என்று நான் சொன்னால், தமிழர்களுக்கு ஒரு கணம் முகம் மாறும். உடனே "வாத்துச் சுடத்தான்" என்று சேர்த்துச் சொல்லி அவர்களை ஆறுதல்படுத்துவேன். நாங்கள் பிராண்டே என்ற டெனிஷ் ஊரில் இருந்த காலத்தில் அங்கே வேட்டை உரிமம் வைத்திருந்த ஒரே தமிழ்ப் பெண் அம்மாதான். இன்றைக்கும் இதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. உயரட்டுமே.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இலையுதிர் காலம் வந்தால் அங்கே சாப்பாட்டு மேசையில் வேட்டையைத் தவிர வேறு கதை கிடையாது. சில வருடங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் தானும் வகுப்பில் சேர்ந்து, டெனிஷில் பரீட்சை எழுதி, குறிபார்த்துச் சுடும் பரீட்சையிலும் தேறிவிட்டார். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. கோயிலில் ஒருவர் "பாவமில்லையோ பிள்ளை?" என்று கேட்க, "கடையிலை கோழி வாங்கேக்கை நீங்கள் பாவம் பாக்கிறனீங்களோ அக்கா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். பிறகு யாரும் கேட்கவில்லை.

உரிமம் இருந்தால் மட்டும் போதாது, சுடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அம்மாவோடு வேலை செய்த ஒருவரின் கணவர் பண்ணைக்காரர். அவருடைய வயல்களுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. நாணல் அடர்ந்த நல்ல கரைகளில் அவரும் நண்பர்களும் இருப்பார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது எவருக்கும் வேண்டாத மேற்குக் கரை. மொட்டைக் கரை. முன்பு அங்கே ஒளிந்திருந்து சுடுவதற்குப் பலகையால் ஒரு மறைவு கட்டிப் பார்த்திருக்கிறார்கள். வாத்துகள் அதைக் கண்டதும் வளைந்து போய்விட்டனவாம். பண்ணைக்காரர் நேர்மையான மனிதர். ஒரு பருவம் தருகிறேன், அந்தப் பக்கம் வாத்து இறங்காவிட்டால் கரையை உழுது சோளம் போட்டுவிடுவேன், பிறகு உனக்குத் தர என்னிடம் இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மார்ச் மாதக் குளிரில் அம்மா வில்லோ மரக் கிளைகளை வெட்டி, கரையின் ஈர மண்ணில் வட்டமாக நட்டார். காய்ந்த தடிகளை எதற்கு நடுகிறீர்கள் என்று நான் டெனிஷில் கேட்டேன். "கிளுவைக் கதியால் மாதிரித்தான், முளைக்கும் பார்" என்றார். ஊரில் வேலிக்குத் தடியாக நட்டு வளர்க்கும் அந்தக் கிளுவையை நான் கண்டதே இல்லை. ஆனால் மே மாதம் தடிகள் எல்லாம் துளிர்த்தன, ஜூலையில் என்னைவிட உயர்ந்துவிட்டன. நுனிகளை ஒன்றாக வளைத்துக் கட்டினால் கூரையாகிவிடும் என்பது அம்மாவின் திட்டம். ஈர நிலத்தைச் சும்மா விட மனம் வராமல் பக்கத்தில் பூசணி விதையும் போட்டிருந்தார். அது தன் பாட்டுக்குக் கரையெல்லாம் ஓடியது.

பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் இருந்தன. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா, உதவி செய்து அவரை அசத்துவோம் என்று என்னையும் பெரிய கத்தரிக்கோலையும் காரில் ஏற்றிக்கொண்டு குளத்தடிக்குப் போனார். அப்பா காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், எதுவும் மட்டம் பார்த்ததுபோல் நேராக இருக்க வேண்டும் அவருக்கு. அதோடு யாழ்ப்பாணத்து ஆண். ஒழுங்கில்லாத வேலியைக் கண்டால் கை சும்மா இருக்காது. அம்மா ஐந்து மாதம் வளர்த்ததை ஒரு மணித்தியாலத்தில் தன் நெஞ்சு உயரத்துக்குச் சமமாக வெட்டி முடித்தார். நான் கிளைகளைப் பொறுக்கிக் குவித்தேன். "இப்பதான் வேலி மாதிரிக் கிடக்குது" என்று தள்ளி நின்று அழகு பார்த்தார்.

பின்னேரம் அம்மா வந்து பார்த்தார். அப்படியே புல்லில் இருந்துவிட்டார்.

"இது வேலியே?" என்றார். கண் கலங்கிவிட்டது.

"வளரும்தானே..." என்று அப்பா இழுத்தார்.

"எப்ப? ஒரு கிழமைக்கிடையிலையோ?"

அப்பா கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அம்மா அண்ணாந்து வெறும் வானத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "பூசணியைத் தூக்கி மேலை போடுவம்" என்றார்.

வெட்டிய கிளைகளைக் குறுக்கே வைத்துக் கட்டி, நாங்கள் மூன்று பேரும் கொடி முறியாமல் ஏந்தி மேலே படரவிட்டோம். அதோடு விடவில்லை. அம்மா உள்ளே போய்க் குந்திக்கொண்டு, என்னை அப்பாவின் தோளில் ஏறி மேலே இருந்து பார்க்கச் சொன்னார். சப்பாத்துத் தெரிகிறது என்றேன். ஓர் இலை நகர்ந்தது. தலைமயிர் தெரிகிறது என்றேன். இன்னோர் இலை நகர்ந்தது. ஒன்றுமே தெரியவில்லை என்று நான் சொல்லும்வரை அப்பா என்னைச் சுமந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அதுதான் அவருக்குத் தண்டனை.

பருவத்தின் முதல் நாள் மாலை பண்ணைக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். கூரையில் ஒரு பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. வாத்து விழாவிட்டாலும் சூப் உண்டு என்றார். நானும் அம்மாவும் உள்ளே போய் இருந்தோம். வெளிச்சம் குறைந்து வந்தபோது தூரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது. நான் அண்ணாந்தேன். அம்மாவின் கை என் பிடரியில் விழுந்து, முகத்தைத் தன் மடியோடு அழுத்தியது.

"மேலை பாக்காதை. முகம் தெரியும்."

சத்தம் எங்களைக் கடந்து போய், சுற்றித் திரும்பி வந்தது. கை எடுபடவில்லை. அம்மாவின் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்டது. பிறகு எங்களுக்கு நேர் முன்னால் தண்ணீர் சளக் சளக்கென்றது. எங்கள் கரையில், அந்த மொட்டைக் கரையில், வாத்துகள் இறங்கியிருந்தன! அப்போதும் கை எடுபடவில்லை. "அம்மா, வந்திட்டுது" என்று நான் குசுகுசுத்தேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு எழுந்து நின்றார். வாத்துகள் கிளம்பின, துவக்கு வெடித்தது, ஒன்று விழுந்தது.

பண்ணைக்காரர் மறைவைச் சுற்றிச் சுற்றி வந்தார். இலையை விலக்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி இந்தக் கரை உன்னுடையது என்றார். நாங்கள் எப்போதும் சுவர்தான் கட்டுகிறோம், கூரை போட யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். தன் தகப்பன் என்று அம்மா சொன்னார். அவரும் வாத்து வேட்டைக்காரரா என்று கேட்டதற்கு, இல்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வாத்துக் கறி. "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று சொல்லிக்கொண்டே அப்பா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். வகுப்பில் நான் எழுந்து நின்று, என் அம்மாவுக்கு உலகத்தில் எதற்கும் பயம் கிடையாது என்று எல்லாருக்கும் சொன்னேன்.

அம்மாவின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் பதுங்குகுழி வெட்டி, விமானத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாதென்று அதன்மேல் பூசணி படரவிட்டிருந்தாராம். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளின் தலைகளைக் குனியவைத்து, அது போய் முடியும்வரை பிடித்துக்கொண்டிருப்பாராம். நான் வளர்ந்து பெரியவளான பிறகு, வெங்காயம் வெட்டிக்கொண்டே அம்மா இதைச் சொன்னார். குளத்தடியில் என் பிடரியில் இருந்த கை எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறக்கைச் சத்தத்துக்கு அம்மா நடுங்கியிருக்கிறார். நடுங்கிக்கொண்டுதான் எழுந்து நின்றிருக்கிறார். அது அன்றைக்குத் தெரிந்திருந்தால், வகுப்பில் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.