சிப்பி வாய் திறக்கும்வரை ராஜபாளையத்தில்

சிப்பியோடு மலையடிவாரத்துக்குப் பயணம் போனவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். எனக்கு வேறு வழியில்லை. தூத்துக்குடியில் நான் நடத்தும் குஞ்சுச் சிப்பிப் பண்ணைக்குக் கடல்நீர் எடுக்கும் இடத்தில், போன மாதம் டீசல் படலம் மிதக்க ஆரம்பித்தது. தொட்டியில் இருக்கும் குஞ்சுகள்தான் இந்த வருடப் பிழைப்பு. ராஜபாளையத்தில் சீனிவாசன் என்பவர் இரும்பு நானோ தூள் செய்கிறார், அது எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், பிறகு காந்தத்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஆறு பெரிய சிப்பிகளையும் இரண்டு கேன் டீசல் தண்ணீரையும் காரில் ஏற்றிக் கிளம்பிவிட்டேன்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர். எட்டு மணிக்குப் பட்டறையில் இருந்தேன். சீனிவாசன் தூளைப் போட்டுக் கலக்கினார், காந்தம் வைத்தார். பத்தே நிமிடத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது, வாடைகூட இல்லை. அப்போதே வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

"செத்த பொறுங்க மேடம், சிப்பி குடிச்சுப் பாக்கட்டும்" என்றார்.

தெளிந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி உள்ளே விட்டால், சிப்பிகளோ வாயை இறுக மூடிக்கொண்டன. தொட்டியைத் தட்டினேன், குனிந்து பார்த்தேன், மறுபடி தட்டினேன்.

"நீங்க தட்டிக்கிட்டே இருந்தா அது எப்படித் தொறக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போயிட்டு வாங்க, பொறவு பாப்போம்."

பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பால்கோவா வாங்கினேன், சாப்பிடவில்லை. செண்பகத்தோப்பு அழகான இடமாம். அங்கே நான் பார்த்தது என் போனைத்தான். திரும்பும் வழியில், மம்சாபுரம் டீக்கடை அக்கா, "என்னம்மா, ஆஸ்பத்திரியில ஆள விட்டுட்டு வந்திருக்கீகளா?" என்று கேட்டார். சிப்பி என்றால் சிரிப்பாரே என்று தலையாட்டி வைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஆறும் திறந்திருந்தன. குடிக்கின்றன என்ற சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீனிவாசன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. தொட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். சிப்பிகளின் விளிம்பில் மெல்லிய கறுப்பு இழைகள் தொங்கின.

"வேண்டாததச் சளியில சுத்தித் துப்புது. அம்புட்டுத் தூளும் காந்தத்துல வந்துட்டுன்னு நெனச்சேன், வரல. முழுங்குனது எம்புட்டுன்னு தெரியாது."

"உயிரோடதானே இருக்கு! குடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"பெருசு துப்பிருச்சு. உங்க குஞ்சுக்குத் துப்ப முடியுமா? அது தெரியாம விக்க மாட்டேன்."

ஆத்திரமாக வந்தது. விற்றிருந்தால் அவருக்கு அதுதான் முதல் விற்பனை என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. காரில் உட்கார்ந்து, தூரத்துக் கடற்கரையிலிருந்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வீட்டுக்கு போன் போட்டேன்.

இதுபோல் சோதிக்கப் போகிறவர்களுக்கு: சிப்பியை ஈரச் சாக்கில் சுற்றுங்கள், ஐஸில் நேரடியாக வைக்காதீர்கள். அங்கேயே தங்கும் எண்ணத்தோடு போங்கள், ஒரு பகல் போதாது. தண்ணீர் தெளிந்ததும் மனம் குளிர்ந்துவிடாதீர்கள்.

தூள் பட்ட சிப்பிகளைக் கடலில் விடவும் முடியாது, சமைக்கவும் முடியாது. ஆறும் சீனிவாசனிடமே இருக்கின்றன. தினமும் போன் செய்கிறேன். உயிரோடு இருக்கிறதா என்று இப்போது கேட்பதில்லை. இன்றைக்கு என்ன துப்பியது என்றுதான் கேட்கிறேன்.