நாற்பது கழியும் முன்னே ஒரு கண் பரிசோதனை

என் பேத்தியின் பார்வை போக இருந்தது. எங்கள் வீட்டுக்குள்ளேயே, பாசத்தின் பெயரால் போக இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனாலும் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மகள் ரஹிமாவுக்கு ஏழு வாரம் முன்பே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. காரைக்காலில் இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில் ஆக்சிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "குறைமாசக் குழந்தைக்கு விழித்திரையில ரத்தக்குழாய் தப்பா வளரலாம். வெளியில தெரியாது. பொறந்து முப்பது நாளைக்குள்ள புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டிடுங்க."

மீதி பத்து நாள். அன்றே எண்ணத் தொடங்கினேன்.

என் லாத்தா, அதாவது மூத்த சகோதரி, வேறு கணக்கு வைத்திருந்தார். என் மனைவி மவுத்தான பிறகு வீட்டை நடத்துபவர் அவர்தான். பிரசவம் ஆகி நாற்பது நாள் கழியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது என்றார். குழந்தையின் முகத்தில் டார்ச் அடித்துக் காட்டினார்.

"பாரு, கண்ணச் சிமிட்டுது. ஒனக்கு எப்பப் பாத்தாலும் கணக்குதான்."

"லாத்தா, கோளாறு உள்ளுக்குள்ள இருக்கும்னு சொன்னாங்க."

"காத்து கருப்பு அடிச்சா அந்த டாக்டரா வந்து நிப்பாரு?"

துபாயில் இருக்கும் மருமகனுக்குப் போன் செய்தேன். "பெரியவங்க சொல்றபடி செய்ங்க மாமா" என்றார். நானும் பெரியவன்தான், எழுபத்து மூன்று வயது. யாரும் என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்க்கத்தில் நாற்பது என்பது தாய்க்குத் தொழுகையில் தந்த சலுகை. பிள்ளையை வைத்தியரிடம் காட்டாதே என்று எங்கே சொல்லியிருக்கிறது?

ஐந்து வேளையும் அழுது கேட்டேன், லாத்தாவின் மனதை இளக்கு என்று. இளகவில்லை. இருபத்தெட்டாம் நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் உட்கார்ந்து இறைவனிடமே கோபப்பட்டேன். "எனக்கு வழி தெரியவில்லை. நீயே பார்த்துக்கொள்" என்று எழுந்து வந்தேன்.

வந்தால், ரஹிமா வாசலில் நிற்கிறாள். தலையில் முக்காடு, மார்போடு குழந்தை. பெரியவர்கள் முன் குரல் உயர்த்தியே அறியாத பெண்.

"கார் பேசுங்க அத்தா."

லாத்தா பின்னாலேயே வந்தார். "இன்னும் நாப்பது ஆவலடி."

"நாப்பது எனக்குத்தான் மாமி, இவளுக்கு இல்ல. இருபது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாளே, அப்ப எந்தக் காத்து கருப்பு வந்துச்சு?"

மறுநாள் புதுச்சேரியில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் கோளாறு. தாமதிக்காமல் லேசர் சிகிச்சை செய்தார்கள்.

"நாற்பது நாள் விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"விழித்திரை பிரிஞ்சிருக்கலாம். அப்புறம் எங்களாலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் கண் மருத்துவர்.

அந்த வராந்தாவிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். லாத்தாவின் மனதை இளக்கச் சொன்னேன். அவன் என் மகளின் மனதை உறுதியாக்கியிருக்கிறான். எல்லாப் புகழும் அவனுக்கே.

லாத்தா இன்றும் இளகவில்லை. "அது தானா சரியாயிருக்கும்" என்கிறார். கேட்கும்போதெல்லாம் ரத்தம் கொதிக்கிறது. பேத்திக்கு இப்போது பதினோரு மாதம். தரையில் சிந்திய ஒற்றைச் சோற்றுப் பருக்கையைத் தேடிப் பொறுக்கி வாயில் போடுகிறாள்.

திருமலைராயன்பட்டினத்தில் எந்த வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தாலும் இப்போது அழைக்காமலே போகிறேன். இதுவரை மூன்று வீடு. ஒரு வீட்டில் திட்டி அனுப்பினார்கள். மறுநாளும் போனேன்.

ரப்பை, படைத்தவனை, நம்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்ட வழியில் தராவிட்டால், அவன் தரும் வழியில் உடனே கிளம்புங்கள். உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை இருக்கிறதா? இன்று அதற்கு எத்தனையாவது நாள்?