பழைய சைக்கிளுக்குப் புதுப் பொட்டு

பாரிசில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனபோது ஆசைப்பட்டு ஒரு சைக்கிள் வாங்கினேன். "பழசெண்டு காட்டினால் சுங்கத்தில வரி குறையும்" என்று அத்தான் அடித்துச் சொன்னார். மனிதர் வாழ்நாளில் ஒரு தடவையும் சுங்கத்துக்குள் எதையும் கொண்டுபோனதில்லை. நானும் அந்தக் கதையை நம்பி, பளபளவென்றிருந்த சைக்கிளில் பூங்காச் சேற்றை அள்ளிப் பூசினேன். எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்து வயல் வரம்பில் பத்து வருடம் ஓடிய சைக்கிள் தோற்றுப்போகும். அதைப் பெட்டியில் கட்டும் வேலையை அக்கா பொறுப்பெடுத்தார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தமிழ்ச் சுங்க அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறந்தார்.

"பழசோ, அண்ணை?"

"ஓம், சரியான பழசு."

அவர் சைக்கிளை வெளியே இழுத்தார். ஹாண்டிலில், காய்ந்த சேற்றுக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. முன்சில்லில் நசுங்கிய எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது.

"நான் மோட்டார் சைக்கிள் எடுத்த அண்டைக்கு எங்கட அம்மாவும் இப்பிடித்தான் செய்தவா" என்றார் அதிகாரி. "பழைய சைக்கிளுக்கு ஆர் அண்ணை தேசிக்காய் நசிக்கிறது?"

சுங்கத் தீர்வை, வற் வரி எல்லாவற்றையும் புதுச் சைக்கிளுக்குரியபடி கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, திட்டுவதற்கென்றே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"சைக்கிள் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்திட்டுதே? பாத்தியே, எல்லாம் நான் தேசிக்காய் நசிச்சபடியால்தான்!"